நம்ம கிளி அங்க வில்லன்

மக்கா, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி அதிகம். மூணு மாசம் மொரீஷியஸ்ல ஆன்சைட். "மொரீஷியஸா! பீச்சா! ஹனிமூனா!"ன்னு கண்ணு வைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: நான் பொட்டி தட்டினது எபென் சைபர் சிட்டியில, ஒரு கண்ணாடிக் கட்டடத்துல ஏழாவது மாடி. ஜன்னல் வழியா பார்த்தா கடல் தெரியாது. கரும்புதான் தெரியும்.

பயணக் கட்டுரை எழுதி உங்களைக் கொல்றதா இல்லை. ரூபாய் நோட்டுல தமிழ் இருக்கு, தமிழ் எண்ணும் இருக்கு, தைப்பூசக் காவடிக்கு அரசாங்க லீவுன்னு நூறு பேர் எழுதியாச்சு. (1998-ல அந்த நோட்டுல தமிழை மூணாவது இடத்துக்குத் தள்ளினாங்கன்னு தமிழர்கள் கொதிச்சு, அரசாங்கம் நோட்டையே திரும்ப வாங்கிக்கிச்சு. அதைத் தனியா ஒரு பதிவா போடலாம்.) இது கிளி பத்தின பதிவு.

ஓரிக்கைக்காரனுக்குக் கிளி ஒண்ணும் புதுசில்லை. பாலாத்துப் பக்கம் நெல்லு கதிர் பிடிச்சா கூட்டமா வந்து இறங்கும். கதிரைக் கடிச்சு, பாதியைத் தின்னு பாதியைக் கீழ போட்டுட்டுப் போகும். ஏகாம்பரநாதர் கோவில் கோபுரப் பொந்துல சாயங்காலம் ஒரே கீச்சு கீச்சு. காமாட்சி அம்மன் கையில கரும்பு வில்லு, பூ அம்பு, பக்கத்துலயே கிளி. எங்க வீட்டுத் தறியிலயும் கிளி உண்டு. அப்பா நெசவு. கரையில அன்னம், மயில், கிளின்னு எது கேட்டாலும் போடுவார். கிளி பார்டர்னா அவருக்குக் கொஞ்சம் இஷ்டம் கூட. மூக்குக்கு மட்டும் ஒரு சிவப்பு வரணும், அது ஒரு இழை தள்ளிப் போனாலும் கிளி காக்கா ஆயிடும்னு சொல்வார்.

அந்தக் கிளிக்குப் புஸ்தகத் தமிழ்ல செந்தார்ப் பைங்கிளின்னு பேரு. ஆணுக்குக் கழுத்துல கறுப்பும் ரோஸும் கலந்த ஒரு ஆரம் இருக்கும். மூக்கு ரெண்டுக்குமே சிவப்பு. இந்த மூக்கு மேட்டரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

எபென்ல முதல் வாரமே, ஆபீஸ் வாசல் மரத்துல அதே கீச்சு கீச்சு. நிமிர்ந்து பார்த்தா சாட்சாத் நம்மாளு. கடல் தாண்டி வந்து ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். பக்கத்துல நின்ன டீம்மேட்கிட்ட, "எங்க ஊர்க் கிளி!"ன்னேன். அவர் தமிழர். அதாவது அஞ்சு தலைமுறைக்கு முன்னால தமிழர். வணக்கம், நன்றி, தேவாரத்துல நாலு வரி, அவ்வளவுதான் தமிழ். மீதியெல்லாம் கிரியோல். அவர் சிரிக்காம சொன்னார்: "தெரியும். அதைத் திரும்பக் கூட்டிட்டுப் போயேன். எங்க கிளி பொழைக்கும்."

அங்க ஆரம்பிச்சது. அடுத்த மூணு மாசம் சனி ஞாயிறு எல்லாம் இந்தக் கதையைத் தோண்டுறதுலயே போச்சு.

மொரீஷியஸுக்குன்னு சொந்தமா ஒரு கிளி இருக்கு. இங்கிலீஷ்ல எக்கோ பாரகீட். உள்ளூர்ல கத்தோ வெர், அதாவது பச்சைக் கிளி. உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பக்கத்துத் தீவு ரீயூனியன்ல இதோட ஒரு வகை இருந்து, 18-ஆம் நூற்றாண்டுலயே போயிடுச்சு. ரொட்ரீக்ஸ் தீவுல நியூட்டன் கிளின்னு ஒண்ணு இருந்துச்சு, 1875-ல பிடிச்சதுதான் கடைசி மாதிரி. மொரீஷியஸ்லயே அகல மூக்குக் கிளின்னு ஒரு பெரிய உருப்படி இருந்து, அதுவும் டோடோ போன வழியிலயே போச்சு. அந்த மூணு தீவுலயும் இருந்த சொந்தக் கிளி வம்சத்துல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.

இதுல ஒரு விசேஷம். மரபணுவை ஆராய்ஞ்சவங்க கணக்குப்படி, இந்த எக்கோ கிளிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் நம்ம செந்தார்ப் பைங்கிளிதான். அதாவது லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்துக் கிளி வம்சம் ஒண்ணு இந்துமாக் கடல்ல தீவு தீவா தாவிப் போய் அங்க தங்கி, வேற கிளியா மாறிடுச்சு. உடம்பு கொஞ்சம் குண்டு, வாலு குட்டை, இறக்கை உருண்டை. புயல் காட்டுல மரத்துக்கு மரம் தாவுறதுக்கு அது போதும்.

காடு இருக்கிற வரைக்கும்தான் அது போதும். அந்தத் தீவு மொத்தமே சுமார் 1,860 சதுர கிலோமீட்டர். இப்ப இருக்கிற நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். டச்சுக்காரன் வந்து கருங்காலி வெட்டினான். பிரெஞ்சுக்காரன் கரும்பு போட்டான். பிரிட்டிஷ்காரன் வந்தப்புறம் கரும்புக்காகவே காடு காடா அழிச்சாங்க. 1970கள்லகூட மிச்சமிருந்த மேட்டுக் காட்டுல ஒரு பெரிய துண்டை வெட்டிட்டு பைன் மரம் நட்டிருக்காங்க. இன்னைக்கு உருப்படியான பழைய காடு தீவுல 2 சதவீதம்கூடத் தேறாது.

கிளிக்கு வேண்டியது கிழட்டு மரம். பொந்து விழுற அளவுக்கு வயசான மரம். அங்க இருக்கிற அந்த மரங்கள்ல ரெண்டு நமக்குத் தூரத்துச் சொந்தம்: ஒண்ணு நம்ம புன்னைக்குப் பங்காளி, இன்னொண்ணு மகிழத்துக்குப் பங்காளி. அதோட பழம், பூ, இலை தின்னு, அதோட பொந்துலயே முட்டை வெச்சு வாழ்ந்த பறவை. மரம் போச்சு, சோறும் போச்சு, வீடும் போச்சு. மிச்ச மரத்துல புயல் (1960-ல கரோல்னு ஒரு புயல், தீவையே பேத்துப் போட்டது). மிச்சப் பொந்துல எலி. மிச்சக் குஞ்சைக் குரங்கு. இந்த எலி, குரங்கு எல்லாமே கப்பல்ல வந்து இறங்கினதுதான். பத்தாததுக்கு சீனா கொய்யான்னு ஒரு செடி, காட்டுக்குள்ள நாணல் மாதிரி நெருக்கிப் பிடிச்சு, வேற எந்த விதையும் முளைக்க விடாது. பழம் மட்டும் ரொம்ப ருசி, அதையும் சொல்லிடணும்.

1980கள்ல எண்ணினப்போ கைவிரல்ல அடங்கிடுச்சு. பத்துப் பன்னெண்டு பறவை. அதுல பெட்டை ரெண்டு மூணுதான்னு சொல்றாங்க. உலகத்துலயே அரிதான கிளின்னு பட்டம் குடுத்துட்டு, முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சாச்சு.

இங்கதான் கார்ல் ஜோன்ஸ் வர்றார். வேல்ஸ்காரர். 1979-ல அங்க வந்தப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசு. என் வயசுக்கும் கம்மி! ஏற்கனவே நடந்துட்டிருந்த பறவைத் திட்டத்தை இழுத்து மூடிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாங்களாம். மனுஷன் மூடல. நாப்பது வருஷத்துக்கு மேல அதுலயே கிடந்தார். 1974-ல காட்டுல நாலே நாலா இருந்த மொரீஷியஸ் வல்லூறை முதல்ல தூக்கி நிறுத்தினார், அப்புறம் ரோஸ் புறா, அப்புறம் இந்தக் கிளி. 1984-ல மொரீஷியஸ் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க. ஜெர்சி தீவுல இருக்கிற டரல் அமைப்பு துணைக்கு நின்னுச்சு. 1994-ல பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கா வந்துச்சு, சுமார் 65 சதுர கிலோமீட்டர்.

என்ன பண்ணினாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பெரிய விஞ்ஞானம்னு நினைச்சுப் படிச்சா, முக்காவாசி கொத்தனார் வேலை, தச்சு வேலை. ஒவ்வொரு கூட்டையும் கண்டுபிடிச்சு, கயிறு போட்டு மரம் ஏறி, மழைத்தண்ணி நிக்குற பொந்தை வடிகால் வெச்சு சரி பண்றது. எலி ஏறாம இருக்க அடிமரத்தைச் சுத்தி வழவழன்னு தகடு அடிக்கிறது, கீழ எலி மருந்து. குரங்கு தாவ முடியாதபடி பக்கத்து மரக் கிளையைக் கழிச்சு விடுறது. குஞ்சோட ரத்தத்தைக் குடிக்கிற ஒரு ஈப் புழு கூட்டுக்குள்ள இருக்கும், அதுக்கு மருந்து தூவுறது. காட்டுல பழம் இல்லாத மாசத்துக்குத் தீனித் தொட்டி தொங்க விடுறது.

அப்புறம் ஒரு தந்திரம். இந்தக் கிளி ரெண்டு மூணு முட்டை போடும், சிலசமயம் நாலு. ஆனா காட்டுல இருக்கிற தீனிக்கு ஒரு குஞ்சுதான் பெரும்பாலும் தேறும். மத்தது பசியில செத்துடும். எப்படியும் சாகப் போறதுதானேன்னு, அந்த அதிகப்படி குஞ்சை எடுத்துட்டு வந்துடுவாங்க. குஞ்சு இழந்த ஜோடி இருந்தா அதுங்க கூட்டுல வெச்சுடுறது, இல்லைன்னா கையில ஊட்டி வளர்க்கிறது. ஒரு குஞ்சை வளர்க்கிற ஜோடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கிளிக் கணக்குல மட்டும் ஒண்ணு கூடுது. 1997-லருந்து 2005 வரைக்கும் இப்படி வளர்த்தது, கூண்டுல பொரிச்சதுன்னு நூத்துக்கும் மேல காட்டுல விட்டிருக்காங்க.

விட்டதுல ஒரு வேடிக்கை. காட்டுக் கிளி மரப்பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காது. கையில வளர்ந்ததுங்க ஜம்முனு பெட்டிக்குள்ள போய்க் குடித்தனம் வெச்சிடுச்சு. அதுங்க குஞ்சுகளும் அப்படியே. பொந்துள்ள கிழட்டு மரம் வளர ரொம்ப காலம் ஆகும், பெட்டி அடிக்க ஒரு நாள் போதும். அதனால இப்பக் காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் பெட்டி. பார்க்க அழகா இருக்காது. நண்பர் ஒருத்தர், "இது காடா, ஹவுசிங் போர்டா?"ன்னார். எனக்கும் அந்த எண்ணம் வராம இல்லை. ஆனா காலியா, அழகா இருக்கிற காட்டுக்கு இது மேல்.

இப்ப நம்மாளு கதைக்கு வருவோம்.

செந்தார்ப் பைங்கிளி மொரீஷியஸுக்குப் போனது 1886 வாக்குல. கூண்டுக் கிளியாத்தான் போயிருக்கும். மைனா அதுக்கும் நூறு வருஷம் முன்னாலயே போயிடுச்சு: 1762-ல வெட்டுக்கிளியைத் தின்னட்டும்னு பிரெஞ்சுக்காரங்க இந்தியாவுலருந்து கொண்டுபோய் விட்டது. கொண்டைக்குருவி (செம்மீசைச் சின்னான்) 1892-ல. மொத்தத்துல அந்த ஊர்ல காலங்காத்தால கண்ணை மூடிக் கேட்டா சத்தம் எல்லாம் நம்ம தெரு சத்தம்தான். எனக்கு முதல்ல இனிச்சது அதான். அப்புறம் அதே காரணத்துக்காகக் கொஞ்சம் கசந்தது.

நம்மாளு இப்ப அங்க ஆயிரக்கணக்குல. கரும்புத் தோட்டம், ஊரு, தோப்பு, எங்க விட்டாலும் பொழைச்சுக்கும். நல்ல பொந்தைப் பார்த்தா முதல்ல போய்ப் புகுந்துக்கும். அதோட ஒரு நோய். அலகு-இறகு நோய்னு கிளிகளுக்கு வர்ற ஒரு வைரஸ். இறகு கொட்டும், அலகு கோணும், எதிர்ப்பு சக்தி போயிடும், குஞ்சுங்கதான் அதிகம் அடிபடும். 2005 வாக்குல எக்கோ கிளிகள்ல அது பரவிச்சு. சோதிச்சுப் பார்த்தா அந்த வைரஸ் நம்மாளுகிட்டயும் இருக்கு. யாருகிட்டருந்து யாருக்குங்கிற பஞ்சாயத்தை விடுங்க, ஆயிரக்கணக்குல இருக்கிறவனுக்கு வந்தா அது காய்ச்சல். நூத்துக்கணக்குல இருக்கிறவனுக்கு வந்தா அது கருமாதி. குஞ்சை எடுத்துக் கையில வளர்த்து இடம் மாத்துற வேலையெல்லாம் நோய் பரவும்னு பயந்து நிறுத்த வேண்டியதாச்சு.

இதோட நின்னிருந்தா நான் பாட்டுக்கு ஒரு தகவல் பதிவு போட்டுட்டுப் போயிருப்பேன். சீஷெல்ஸ் கதை படிச்சப்பதான் வயித்துல ஏதோ பண்ணுச்சு. அங்கயும் தமிழ்க்காரங்க உண்டு, விக்டோரியாவுல பிள்ளையார் கோவில் இருக்கு. அங்க பிராஸ்லின் தீவுல கறுப்புக் கிளின்னு ஒண்ணு, அந்த நாட்டோட தேசியப் பறவை. 1970கள்ல கூண்டுலருந்து தப்பின சில செந்தார்ப் பைங்கிளி பக்கத்து மாஹே தீவுல பெருகிடுச்சு. பிராஸ்லினுக்குத் தாவினா கறுப்புக் கிளி காலின்னு, அரசாங்கமும் சீஷெல்ஸ் ஐலண்ட்ஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து துப்பாக்கி எடுத்தாங்க. 500க்கும் மேல சுட்டாங்க. கடைசிக் கிளி 2017-ல. ரெண்டு வருஷம் காத்திருந்து பார்த்துட்டு, 2019-ல "இனி இல்லை"ன்னு அறிவிச்சாங்க.

ராத்திரி வீட்டுக்கு வாட்ஸ்அப் கால்ல பேசறப்போ இதை அப்பாகிட்ட சொல்லித் தொலைச்சேன். தறியிலருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

"சுட்டாங்களா? கிளியையா?"

"ஆமாம்பா. இல்லைன்னா அந்த ஊர்க் கிளி அழிஞ்சுடும்."

"பாவம்டா. அது என்ன பண்ணிச்சு? யாரோ கூண்டுல கொண்டுபோனான், அது பொழைச்சுது. கொண்டுபோனவனை யாரு சுட்டாங்க?"

இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. அம்மா பின்னாலருந்து, "அம்பாள் கையில இருக்கிற ஜீவன்டா"ன்னாங்க. அவங்களுக்கு நான் மொரீஷியஸ் போய்க் கெட்டுப் போயிட்டேன்னு ஒரு சந்தேகம் அன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கணும்.

நான் ரெண்டு மூணு நாள் யோசிச்சேன். சுட்டது சரின்னுதான் எனக்குப் படுது. பிடிச்சு வேற எங்கயாவது விட முடியாது, எங்க விட்டாலும் அங்க ஒரு பிரச்னை. ஐநூறு போனாலும் செந்தார்ப் பைங்கிளிக்கு ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் ஊரு இருக்கு. கறுப்புக் கிளிக்கு இருக்கிறது ஒரே ஒரு குட்டித் தீவு. இவ்வளவு தெளிவா இருந்தும், அந்தத் துப்பாக்கியை எங்கையில குடுத்தா சுடுவேனான்னு கேட்டா, மாட்டேன். வேற யாரோ செய்யட்டும்னுதான் தோணுது. இதை எப்படி எடுத்துக்குவீங்களோ எடுத்துக்கோங்க. மொரீஷியஸ்ல இந்தக் கேள்வியே எழல, அங்க நம்மாளு சுட்டு மாளாத அளவுக்குப் பெருகியாச்சு.

(இங்க நம்ம நாட்டுல அதே கிளியைக் கூண்டுல வளர்க்கிறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். 2024 தேர்தல் சமயம் கடலூர்ல ஒரு கிளி ஜோசியரை வனத்துறை பிடிச்சு எச்சரிச்சு அனுப்பினது ஞாபகம் இருக்கும். இங்க கூண்டுல வெச்சா கேஸு, அங்க வெளியில இருந்தா குண்டு. கிளிக்குச் சட்டம் புரிஞ்சா தலையில அடிச்சுக்கும்.)

டீம்மேட் ஒரு சனிக்கிழமை அவர் கார்லயே பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனார். போற வழியெல்லாம் கரும்பு. வயலுக்கு நடுவுல கறுப்புப் பாறையைப் பொறுக்கிப் பெரிய பெரிய குவியலா அடுக்கி வெச்சிருக்கு, தூரத்துலருந்து பார்த்தா கோபுரம் மாதிரி. அவர் காரை ஓரம் கட்டிக் காட்டினார். எரிமலைத் தீவு, நிலமெல்லாம் கல்லு. கல்லைப் பொறுக்கினாத்தான் கரும்பு. அடிமைகள் பொறுக்கினாங்க. 1834-க்கு அப்புறம் கூலிக்கு வந்த நம்மாளுங்க பொறுக்கினாங்க. "எங்க தாத்தனோட தாத்தன் இதுல எத்தனை கல்லு தூக்கினானோ தெரியாது. அவன் தூக்கினதாலதான் நான் ஏழாவது மாடியில உட்கார்ந்திருக்கேன். காடு போனதும் அதாலதான்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நானும் வெளியூர்க் கிளிதான், இல்ல?"ன்னு சிரிச்சார்.

நான் சிரிக்கல. மனுஷனுக்கும் பறவைக்கும் இந்தக் கணக்கு ஒட்டாது, ஒட்டவும் விடக் கூடாதுன்னு சொன்னேன். அவன் கல்லுத் தூக்கினது அவன் விருப்பம் இல்லை, நிலம் எவன் பேர்ல இருந்துச்சோ அவன் விருப்பம். அவர் தோளைக் குலுக்கினார். அப்புறம் காடு வர்ற வரைக்கும் கரும்பைப் பார்த்துட்டே வந்தார். காமாட்சி கையில கரும்பும் கிளியும் பக்கம் பக்கமா இருக்குங்கிறதை அவர்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, விட்டுட்டேன்.

பெத்ரென்ல காரை நிறுத்திட்டு மக்காபே பாதையில நடந்தோம். ரெண்டு மணி நேரம் ஒண்ணும் இல்லை. சீனா கொய்யா, மழை, மழை, சீனா கொய்யா. சாயங்காலம் நாலரை மணிக்குத் திரும்பற வழியில ஒரு உச்சிக் கிளையில ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு. அதோட சத்தமே வேற. நம்மாளு கத்துறது கீச்சுன்னு கிழிக்கும், இது கொஞ்சம் அடித்தொண்டை. இன்னொண்ணு வந்து பக்கத்துல உட்கார்ந்து முதலாவதுக்கு ஊட்டிச்சு. ஆண் ஊட்டுது. சிவப்பு மூக்கு. வாங்கித் தின்னதுக்கு மூக்கு கறுப்பு. நாலு நிமிஷம் இருக்கும். போனை எடுத்து நான் பிடிச்ச படத்துல பச்சையா ஒரு புள்ளி இருக்கு, அதை வட்டம் போட்டுக் காட்டினாத்தான் தெரியும்.

அந்தப் படம் வேஸ்ட்டுன்னு பூங்கா மையத்துல இருந்த போஸ்டரைப் படம் பிடிச்சு அப்பாவுக்கு அனுப்பினேன், பக்கத்துலயே நம்ம கிளி படத்தையும் வெச்சு. அவர் ஒரு மணி நேரம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் போட்டார். நம்மளது மஞ்சள் கலந்த பச்சை, நாம கிளிப்பச்சைன்னு சொல்றது. அது மரகதம், அந்தப் பச்சைக்கு நம்மகிட்ட பட்டு இருக்கு, ஆனா கறுப்பு மூக்கு போட்டா எந்தக் கல்யாணப் புடவைக்கும் எடுக்க மாட்டாங்கன்னு.

கணக்கு சொல்லாம விட்டுட்டேனே. பத்துப் பன்னெண்டா இருந்தது 2019-ல 750-ஐத் தாண்டியாச்சு. 2007 வரைக்கும் சிவப்புப் பட்டியல்ல "மிக அருகிய" இனம், 2007-ல ஒரு படி இறங்கி "அருகிய", 2019-ல இன்னொரு படி இறங்கி "அழிய வாய்ப்புள்ள". இந்தப் பட்டியல்ல படி இறங்கறதுதான் நல்ல சேதி. தீவோட கிழக்குப் பக்க மலைகள்லயும் இப்ப விட்டிருக்காங்க, ஒரே புயல்ல எல்லாம் போயிடக் கூடாதுன்னு. தீனித் தொட்டியும் பெட்டியும் இல்லாம தானா நிக்குமான்னா, காடு வளரணும். சீனா கொய்யாவைக் கையால பிடுங்கி, வேலி போட்டு, பழைய மரத்தை நட்டுட்டு இருக்காங்க. நானும் ஒரு ஞாயித்துக்கிழமை போய் நாலு மணி நேரம் பிடுங்கினேன். ஆபீஸ் ஆணியைவிட ஆழமா போகுது வேரு.

போறவங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ். பெத்ரென் பக்கம் போங்க, காலையில சீக்கிரம் அல்லது சாயங்காலம் நாலு மணிக்கு மேல. மழைக்கோட்டு கண்டிப்பா. வாலு நீளமா மெல்லிசா இருந்தா நம்மாளு. குழப்பமா இருந்தா மூக்கைப் பாருங்க: மூக்கு கறுப்புன்னா அது எக்கோ கிளி, சந்தேகமே வேண்டாம். சிவப்புன்னா ரெண்டுல எதுவாவும் இருக்கலாம், பக்கத்துல ஜோடி வர்ற வரைக்கும் நில்லுங்க. கூட்டை விட்டுப் புதுசா வந்த எக்கோ குஞ்சுக்கும் கொஞ்ச நாளைக்கு மூக்கு சிவப்பாத்தான் இருக்கும், அப்புறம்தான் கறுக்கும். ஜனவரி, பிப்ரவரியில போறவங்க அதைக் கவனிச்சுக்கோங்க.